நீரில் கிருமியைத் தேடிய அரசு மருத்துவர்: இராபர்ட் கோக்

தெருவில் யாருக்கும் நோய் இல்லாத நாளில், சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து சாக்கடை நீரைப் புட்டியில் நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வதை நீங்கள் கண்டிருக்கலாம். நோயாளியை விடுத்துச் சாக்கடையைச் சோதிப்பது எதற்கு என்ற ஐயம் உங்களுக்கு எழுமாயின் அது நியாயமானதே. கழிவுநீர்க் கண்காணிப்பு எனப்படும் இம்முறையின் வேர்களுள் ஒன்று, காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தவர் என்று நீங்கள் அறிந்திருக்கும் ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் கோக்கின் வாழ்க்கையில் உள்ளது. அவர் அக்கண்டுபிடிப்பை அறிவித்த 1882 மார்ச் 24ஆம் நாளை ஒட்டியே உலகக் காசநோய் நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. இப்பக்கத்தில் அவருடைய மற்றொரு பணியை, அதாவது நீரில் அவர் நிகழ்த்திய தேடலைக் காண்போம்.

கோக் 1843 டிசம்பர் 11 அன்று ஹார்ஸ் மலைப்பகுதியின் கிளவுஸ்தால் என்னும் சுரங்க நகரில் பிறந்தார். தந்தை சுரங்க அலுவலர்; குடும்பத்தில் பிள்ளைகள் பதின்மூவர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866இல் பட்டம் பெற்றார். 1872 முதல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட அரசு மருத்துவ அலுவலராகப் பணிபுரிந்தார். நோயாளிகளைப் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, இறப்புச் சான்று அளிப்பது ஆகியவை அவருடைய அன்றாடக் கடமைகள். இவற்றுக்கிடையே வீட்டின் ஒரு பகுதியை ஆய்வகமாக்கி, கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் கிருமியுடைய முழு வாழ்க்கைச் சுழற்சியையும் 1876இல் அவர் மெய்ப்பித்தார். அதே பதவியின் பதிவேடுகளுக்கு நடுவே நாளைக் கழிக்கும் எனக்கு, அவருக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது என்பது இன்றும் வியப்பே.

1880இல் அவர் பெர்லினில் உள்ள பேரரசு சுகாதார அலுவலகத்திற்கு அழைக்கப்பட்டார். ஒரு துளி நீரில் கலந்திருக்கும் பலவகைக் கிருமிகளைத் தனித்தனியே பிரித்து வளர்க்கும் திண்ம வளர்ப்பூடகத்தை அங்கே உருவாக்கினார். உறைந்த கூழின்மேல் ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ணினால் நீர் எவ்வளவு மாசுற்றது என்பது தெரியும். முதலில் பயன்பட்ட ஜெலட்டின் வெப்பத்தில் உருகியது. அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய மருத்துவர் ஒருவரின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, சமையலறையில் தாம் பயன்படுத்திவந்த அகரைப் பரிந்துரைத்தார். அகர் கடற்பாசியிலிருந்து பெறப்படுவது. நம் மாவட்டத்தின் மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியும் இதற்கே செல்கிறது.

1883இல் எகிப்தில் வாந்திபேதி எனும் காலரா பரவியது. ஜெர்மனி கோக்கை அனுப்பியது. பிரான்சும் ஒரு குழுவை அனுப்பியது. பிரெஞ்சுக் குழுவின் இளம் ஆய்வாளர் லூயி துய்லியே அந்நோயாலேயே அலெக்சாந்திரியாவில் உயிரிழந்தார். நோய் அங்குத் தணிந்துவிட்டதால் கோக் அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். இறந்தவர்களின் குடலிலும் நோயாளிகளின் பேதியிலும் வளைந்த ஒரு கிருமியை மீண்டும் மீண்டும் கண்டு, 1884 தொடக்கத்தில் அதைத் தனித்து வளர்த்தார். இத்தாலியரான பசீனி 1854இலேயே இக்கிருமியைக் கண்டு எழுதியிருந்தார். அது அன்று பரவலாகக் கவனிக்கப்படவில்லை.

இனி வருவதே நமக்கு முதன்மையானது. கல்கத்தாவின் புறநகரான சாஹேப் பகானில் ஒரு குளத்தைச் சுற்றியிருந்த குடிசைகளில் 17 பேர் அடுத்தடுத்து வாந்திபேதியால் இறந்தனர். குளிப்பதும் துணி துவைப்பதும் அக்குளத்திலேதான், குடிநீரும் அதுவே. முதலில் இறந்தவரின் துணிகளும் அங்கேயே அலசப்பட்டிருந்தன. கோக் அக்குளத்து நீரைச் சோதித்தபோது அதே வளைந்த கிருமி கிடைத்தது. நோய் ஓய்ந்தபின் மீண்டும் சோதித்தபோது அது அரிதாகிவிட்டது. ஊரில் நோய் ஏறுவதையும் இறங்குவதையும் நீரில் பார்க்க முடியும் என்பது அங்கே புலப்பட்டது.

ஆயினும் அவருடைய முடிவை அன்றைய பிரித்தானிய அரசின் குழு ஏற்கவில்லை. நீரின் வழியே நோய் பரவுகிறது என்று ஒப்புக்கொண்டால் இந்தியக் கப்பல்கள்மீது தடை வருமே என்ற வணிகக் கவலையும் அதில் இருந்தது. ஆனால் அக்குழு எழுப்பிய ஒரு மறுப்பில் பொருள் இருந்தது. வேறொரு குளத்திலும் வளைந்த கிருமி இருக்க, அந்நீரைப் பருகியோருக்கு நோய் வரவில்லையே என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்விக்கு இன்று விடை உண்டு. அக்கிருமியின் எல்லா இனங்களும் வாந்திபேதியை உண்டாக்கும் நஞ்சைச் சுரப்பதில்லை. தொற்றியவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய்க்குறி தோன்றுவதில்லை. ஆகையால் நீரில் கிருமி தெரிந்தவுடன் ஆய்வகம் அதன் நஞ்சுக்குரிய மரபணுவையும் தேடுகிறது. காரங்காடு போன்ற, உப்புநீரும் நன்னீரும் கலக்கும் அலையாத்திக் கழிமுகங்களில் இவ்வினக் கிருமிகள் இயல்பாகவே வாழக்கூடும். எனவே கழிமுக நீரில் கிருமி இருப்பதாக ஒரு செய்தியை மட்டும் கேட்டு அச்சம் கொள்ள வேண்டாம். முழு முடிவைக் கேளுங்கள்.

1892 ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 17,000 பேரைப் பற்றிய வாந்திபேதி, 8,600 உயிர்களைக் கொண்டது. அந்நகரம் எல்ப ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டுவந்தது. மணல் வடிப்பான்களுக்குச் செலவிட நகர மன்றம் நெடுநாள் தயங்கியிருந்தது. ஒட்டியிருந்த அல்தோனா நகரமோ, ஹாம்பர்க்கின் கழிவு கலந்தபின் கீழே வரும் அதே ஆற்று நீரை எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. எல்லைத் தெருவில் ஹாம்பர்க் பக்கத்து வீடுகளில் மக்கள் மடிய, எதிர்ப்பக்கம் பெரிதும் தப்பியது. அரசின் சார்பில் வந்த கோக் இதைக் கண்டு, வடிப்பான் இருந்தால் போதாது, ஒவ்வொரு வடிப்பானின் நீரையும் நாள்தோறும் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஒரு கன செண்டிமீட்டரில் 100 கிருமிகளுக்குமேல் காணும் நீரை மக்களுக்கு விடலாகாது என்ற வரம்பு அவ்வாறு பிறந்தது. நோயாளிகளை எண்ணி அறிந்தபின் குழாயை மூடும் பழைய வழக்கம், நீரின் எண்ணிக்கையைக் கண்டு முன்கூட்டியே மூடும் முறைக்கு வழிவிட்டது.

கோக்கின் தவறுகளையும் நீங்கள் அறிய வேண்டும். 1890இல் காசநோய்க்கு மருந்து என்று அவர் அறிவித்த டியூபர்குலின் குணப்படுத்தவில்லை. அதன் செய்முறையையும் அவர் முதலில் மறைத்தார். நம்பி வந்த நோயாளிகள் பலர் துன்புற்றனர், சிலர் இறந்தனர். பின்னாளில் அது நோயைக் கண்டறியும் தோல் சோதனையாக மட்டும் பயன்பட்டது. மெய்ப்பிக்கப்படாத மருந்தைப் புகழ்பெற்ற மருத்துவர் கூறினாலும் நம்பலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று நான் கூறுவதில்லை.

1902 முதல் அவர் மேற்கு ஜெர்மனியின் திரியர் வட்டாரச் சிற்றூர்களில் குடற்காய்ச்சலை ஆராய்ந்தார். நோயாளிகளைத் தவிர நலமாக இருந்தோரின் மலத்தையும் சோதித்தபோது, பதிவேட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு தொற்று வெளிப்பட்டது. நோயின்றிக் கிருமியைச் சுமப்போர் உண்டு என்ற இவ்வுண்மையே கழிவுநீர்க் கண்காணிப்பின் அடிப்படை. அதை அறியாமல் ஆட்களை மட்டும் தடுத்துவைப்பதால் முழுப்பயன் இல்லை. நம் மண்டபம் முகாமில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் வாந்திபேதி, பெரியம்மை அச்சத்தால் நாள்கணக்கில் நிறுத்தப்பட்டதை முதியோர் வழியே நீங்கள் கேட்டிருக்கலாம். நோய் வெளிப்படும்வரை காத்திருப்பதே அன்று கைவசமிருந்த வழி.

1905இல் நோபல் பரிசு பெற்ற கோக், 1910 மே 27 அன்று பாடன்-பாடனில் மறைந்தார்.

அவர் தொடங்கிய தேடல் நம் நாட்டில் இளம்பிள்ளைவாத ஒழிப்பில் பயன்பட்டது. போலியோ கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே வாதம் வரும். மற்றவர்கள் அறியாமலே கழிவில் கிருமியை வெளியேற்றுவர். ஆகவே 2001 முதல் மும்பையில் சாக்கடை நீர் முறையாகச் சோதிக்கப்பட்டது. பின்னர் வேறு நகரங்களும் சேர்ந்தன. கிருமி தெரிந்த பகுதியில் வாதம் வந்த குழந்தைக்காகக் காத்திராமல் கூடுதல் சொட்டு மருந்து வழங்க முடிந்தது. 2011 ஜனவரியில் ஹவுராவில் கடைசி நோயாளி பதிவானார்; 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது.

காரங்காடு போன்ற சிற்றூர்களில் பாதாளச் சாக்கடை இல்லை. அத்தகைய இடங்களில் திறந்த வடிகால்களிலும் பலர் பயன்படுத்தும் கழிவுத்தொட்டிகளிலும் மாதிரி எடுக்கலாம். மழைநாளில் கிருமி நீர்த்துப்போவதால் ஒரு முறை தெரியாவிட்டால் இல்லை என்று கொள்வதில்லை, மீண்டும் எடுப்பார்கள். மாதிரி பலருடைய கழிவும் கலந்தது என்பதால் உங்கள் வீட்டை அது காட்டிக்கொடுக்காது. முடிவு வந்ததும் குடிநீரில் குளோரின் அளவு கூட்டப்படலாம், சொட்டு மருந்தோ தடுப்பூசியோ வழங்கப்படலாம். நோய் யாருக்கும் இல்லையே என்று பணியாளரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

வீட்டில் யாருக்கேனும் கஞ்சித் தண்ணீர் போன்ற பேதி தொடங்கினால், உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டுவாருங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கண்கள் குழிந்தாலோ, நோயாளி சோர்ந்து மயங்கினாலோ 108ஐ அழையுங்கள், ஐயங்களுக்கு 104. பேதியின்மீது பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிய பின்னரே கழிப்பறையில் கொட்டுங்கள். நோயாளியின் துணிகளைக் குளத்திலோ கால்வாயிலோ அலசாதீர்கள்.