குடியரசுக்கு உருவங்கண்ட தோமஸ் ஜெபர்சன்

அரசனுக்கு மாளிகையும் ஆண்டவனுக்கு ஆலயமும் அமைக்கும் முறையை உலகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. ஆனால், மக்களே தம்மை ஆளத் தலைப்பட்ட நாட்டில் அவர்கள் கூடும் மன்றம் எத்தகைய தோற்றம் உடையதாதல் வேண்டும்? இவ்வினாவுக்குக் கல்லாலும் செங்கல்லாலும் விடை கூற முயன்றவர் தோமஸ் ஜெபர்சன். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவராக அவரை அறிவோர் பலர். கட்டடக்கலை வல்லாராக அறிவோர் சிலரே.

வேர்ஜீனியாக் குடியேற்ற நாட்டிலுள்ள ஷட்வெல் என்னுமிடத்தில் 1743 ஆம் ஆண்டு சித்திரை மாதம் 13 ஆந் திகதி அவர் பிறந்தார். நில அளவையாளராயிருந்த தந்தையார், மைந்தருக்கு 14 வயது நிகழுங்கால் இறந்தார். வில்லியம்ஸ்பேர்க் நகரக் கல்லூரியிற் கற்றபின் சட்டம் பயின்றார். கட்டடக்கலை கற்பிக்கும் கலாசாலை எதுவும் அக்காலத்தில் அந்நாட்டில் இருந்ததில்லை. ஆகவே, 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியராகிய பல்லாடியோ இயற்றிய நூலையே குருவாகக் கொண்டார். தாம் கற்றவற்றைத் தமது இல்லத்திலேயே சோதித்தார். மொண்டிசெல்லோ எனப் பெயரிய அம்மலைமனையைக் கட்டியும் இடித்தும் திருத்தியும் ஏறக்குறைய 40 ஆண்டுகள் உழைத்தார்.

வேர்ஜீனியாவின் தலைநகர் 1780 இல் றிச்மண்டுக்கு மாற்றப்பட்டது. ஜெபர்சன் பிரான்சு நாட்டிலே தூதுவராயிருந்தபோது, அங்கு எழவிருந்த சட்டமன்றத்துக்கு ஒரு வரைபடம் தருமாறு அவரை வேண்டினர். பிரித்தானிய ஆட்சியை நினைவூட்டும் கட்டட முறை அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. பிரான்சின் தென்பகுதியில் நீம் நகரிலுள்ள பழைய உரோமக் கோயிலொன்றை முன்மாதிரியாகக் கொண்டார். கிளெரிசோ என்னும் பிரெஞ்சுக் கலைஞரின் துணையோடு வரைபடமும் சாந்தினாலான மாதிரியுருவும் செய்வித்து, 1786 இல் அனுப்பி வைத்தார். அக்கோயிலை அவர் நேரிற் கண்டு களித்ததோ 1787 இலேதான். பொதுக்கட்டடமொன்று நாள்தோறும் மக்களின் கண்முன் நின்று அவர்தம் சுவையையும் அறிவையும் உயர்த்தும் ஆசானாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஈண்டு ஒரு முரண்பாட்டை நோக்குதல் வேண்டும். நீம் நகரக் கோயில் உரோமக் குடியரசின் ஆக்கமன்று. குடியரசு மறைந்து பேரரசு தோன்றிய அகஸ்டஸ் காலத்தது. ஆகவே, தூணும் முகப்பும் தாமாகவே சுதந்திரத்தைப் பேசுவதில்லை. அவற்றுக்குப் பொருள் தருவது அவற்றினுள்ளே நிகழும் செயலேயாம்.

இவ்வுண்மை அவரது முதுமைக்காலப் பெரும்பணியில் நன்கு விளங்குகின்றது. 1801 முதல் 1809 வரை ஜனாதிபதிப் பதவி வகித்து ஓய்ந்தபின், வேர்ஜீனியாச் சர்வகலாசாலையை நிறுவுவதில் ஈடுபட்டார். அதற்கு 1817 இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1825 இல் வகுப்புகள் தொடங்கின. ஒரே பெருமாளிகையை விடுத்து, பசும்புற்றரையின் இருமருங்கிலும் ஐந்தைந்தாகப் பத்து மனைகளை அமைத்தார். அவற்றின் கீழ்த்தளத்தில் ஆசிரியர் கற்பித்தனர், மேற்றளத்தில் வாழ்ந்தனர். இடையிடையே மாணவர் அறைகள். யாவற்றையும் இணைப்பது தூண்கள் நிரைத்த நடைபாதை. ஆசிரியரும் மாணவரும் ஒரே ஊரவர்போல் வாழ்தல் வேண்டும் என்பது அவர் நோக்கம். தலைப்பக்கத்தில், உரோமாபுரிப் பாந்தியனின் பாதியளவில் ஒரு வட்ட மண்டபம் எழுந்தது. அக்காலக் கல்லூரிகளில் தேவாலயம் பெற்ற தலைமையிடத்தை இங்கே நூல்நிலையம் பெற்றது. எச்சமயத்தையும் அரசு வற்புறுத்தலாகாது என்று சட்டம் வகுத்தவருக்கு இஃது இயல்பேயாம்.

ஆயினும் இம்மாட்சியின் அடியிலே ஒரு மாசும் உண்டு. மனிதர் யாவரும் சமமெனப் பிரகடனஞ் செய்தவர், தம் வாழ்நாளில் 600 பேருக்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். மொண்டிசெல்லோவையும் சர்வகலாசாலையையும் எழுப்பிய கைகளுட் பல அடிமைகளின் கைகளே. செங்கல் சுட்டவர்க்கும் மண் சுமந்தவர்க்கும் அங்கே கற்கும் உரிமை இருக்கவில்லை. கறுப்பின மாணவர் ஒருவர் அச்சர்வகலாசாலையில் முதன்முதல் அனுமதி பெற்றது 1950 இலேயாம்.

பிரகடனத்தின் 50 ஆம் ஆண்டு நிறைவு நாளாகிய 1826 ஆம் ஆண்டு ஆடி மாதம் 4 ஆந் திகதி ஜெபர்சன் காலமானார். பிரகடனம், சமய சுதந்திரச் சட்டம், சர்வகலாசாலை ஆகிய மூன்றையே தம் கல்லறையிற் பொறிக்கப் பணித்தார். ஜனாதிபதிப் பதவியைக் குறிப்பிடவில்லை. அவர் விட்டுச்சென்ற கடனைத் தீர்த்தற்பொருட்டு 1827 இல் மொண்டிசெல்லோவில் வாழ்ந்த அடிமைகள் ஏலத்தில் விற்கப்பட்டனர், குடும்பங்கள் சிதறுண்டன.

அச்சர்வகலாசாலை வளவில், அங்கு உழைத்த அடிமைகளுக்கு 2020 இல் வட்டவடிவான கருங்கல் நினைவுச்சின்னம் ஒன்று நிறைவுற்றது. ஜெபர்சனின் வட்ட மண்டபத்தினின்றும் சிறிது தொலைவில், ஏறக்குறைய அதே விட்டத்தில் அது அமைந்துள்ளது. அவர் தொடங்கிய கட்டடம் முழுமை நோக்கி வளர்ந்தது அன்றேயாம். கலாசாலைகளை நிறுவுவோரும் அவற்றிற் கற்போரும் இவர் சரித்திரத்தினின்றும் பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. மண்டபத்தின் அழகை அளக்கும்போது, அதன் வாயில் எத்தனைபேருக்குத் திறந்துள்ளது என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.