பூனையின் ஒற்றை நரம்பிழையில் மூச்சுத்திணறலின் மூலத்தைத் தேடியவர்: டாக்டர் அவதார் சிங் பெயிண்டல்

புதுடெல்லி: இதய நோயாளி நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குவது ஏன் என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடப் பூனையின் நரம்பில் விடை தேடியவர் டாக்டர் அவதார் சிங் பெயிண்டல். நுரையீரலின் நுண்குருதிக் குழாய்களை ஒட்டி அமைந்துள்ள ‘ஜே’ உணர்வேற்பிகளைக் கண்டறிந்து, இந்திய உடலியங்கியலுக்கு உலக அரங்கில் தனியிடம் பெற்றுத் தந்த அந்த அறிஞர் பிறந்த நாள் செப்டம்பர் 24.

1925-ஆம் ஆண்டு, மாணிக்கக் கற்களுக்குப் பெயர்பெற்ற பர்மாவின் மொகோக் நகரில் அவர் பிறந்தார். தந்தை அங்கு அரசு மருத்துவப் பணியில் இருந்தார். பதின்ம வயதில் கல்விக்காக லாகூருக்கு அனுப்பப்பட்ட பெயிண்டல், பின்னர் லக்னோவில் உள்ள கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராவதைக் காட்டிலும், உடல் இயங்கும் விதத்தை ஆராய்வதிலேயே அவர் மனம் ஈடுபட்டது. மனநலம் குன்றியோரிடமும் மற்றவர்களிடமும் தோலின் மின்தடை எவ்வாறு மாறுகிறது என்பதை அளந்து, முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வை அங்கேயே முடித்தார்.

ராக்ஃபெல்லர் உதவித்தொகை அவரை ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கு பேராசிரியர் டேவிட் விட்டெரிட்ஜின் வழிகாட்டுதலில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். ஒரு நரம்பிழையில் ஓடும் மின்துடிப்புகளைத் தனியே பதிவு செய்ய முடியும் என்பதை, அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் நிறுவியிருந்தார். ஆனால் இதயம், நுரையீரல், இரைப்பை ஆகியவற்றிலிருந்து மூளைத்தண்டுக்குச் செய்தி கொண்டுசெல்லும் வேகஸ் நரம்பில் அத்தகைய பதிவு எளிதாக இருக்கவில்லை. பல்லாயிரம் இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அந்த நரம்பு. அதை முழுமையாகக் கேட்டால் சந்தையின் இரைச்சலே கிடைக்கும். ஒரு குரலைப் பிரித்தறிய ஓர் இழையைத் தனியே எடுத்தாக வேண்டும்.

மயக்கமருந்து செலுத்தப்பட்ட பூனையின் வேகஸ் நரம்பை, உலர்ந்துவிடாதபடி திரவப் பாரஃபினில் மூழ்கவைத்து, நுண்ணிய இடுக்கிகளால் இழை இழையாகப் பிரித்தார் பெயிண்டல். ஒவ்வோர் இழையையும் மின்முனையில் ஏற்றி, அதன் துடிப்புகளைத் திரையில் பதிவு செய்தார். மணிக்கணக்கில் நீளும் இந்தப் பணியில் கை சற்றே நடுங்கினாலும் இழை அறுந்துவிடும்.

அந்தப் பொறுமைக்குப் பலன் விரைவிலேயே கிட்டியது. இதய மேலறைகளில் குருதி நிரம்பும் வேளையில் துடிக்கும் உணர்வேற்பிகளை 1953-இல் அவர் விவரித்தார். உடலில் எவ்வளவு குருதி உள்ளது என்பதை மூளை அறியும் வழிகளுள் ஒன்று அது. அடுத்த ஆண்டிலேயே, இரைப்பை விரியும்போது துடிக்கும் உணர்வேற்பிகள் குறித்த ஆய்வு வெளிவந்தது. உணவு செரித்து உடலில் சேர்வதற்கு முன்பே பசி அடங்கிவிடுவதில் இவற்றுக்குப் பங்குண்டு என்று அவர் விளக்கினார்.

தாயகம் திரும்பிய பெயிண்டல், கான்பூரில் இருந்த பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் பணியைத் தொடர்ந்தார். 1955-இல் வெளியான அவரது கட்டுரை, நுரையீரலில் அதுவரை அறியப்படாத ஓர் உணர்வேற்பியை அறிமுகப்படுத்தியது. நுரையீரலிலிருந்து காற்று வெளியேறிச் சுருங்கும்போது அது துடித்தது. எனவே அதைச் சுருக்க உணர்வேற்பி என்றே அவர் குறிப்பிட்டார்.

ஆனால் அந்தப் பெயரில் அவருக்கு நிறைவு ஏற்படவில்லை. உயிருள்ள உடலில் நுரையீரல் அந்த அளவுக்குச் சுருங்குவது வழக்கமன்று. அவ்வாறிருக்க, அந்த உணர்வேற்பி எதற்காகக் காத்திருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. நுரையீரலில் குருதித் தேக்கத்தையும் நீர்கோத்தலையும் உண்டாக்கி அவர் மேற்கொண்ட சோதனைகள் வேறொரு விடையைத் தந்தன. தந்துகிகளிலிருந்து கசியும் நீர், சுற்றியுள்ள திசுவின் இடைவெளிகளில் சேரும்போதுதான் அது இயல்பாகத் தூண்டப்படுகிறது. 1969-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், தாம் இட்ட பெயரைத் தாமே விலக்கி, தந்துகிக்கு அருகில் இருப்பது என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு ‘ஜே’ என்று அவர் பெயர் மாற்றினார். அந்தப் பெயரே இன்றும் மருத்துவப் பாடநூல்களில் வழங்குகிறது.

இந்த உணர்வேற்பிகளின் செய்தி, மைலின் உறையற்ற மெல்லிய இழைகள் வழியே, நொடிக்கு ஓரிரு மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. ஆயினும் அதன் விளைவு வலிது. அவை தூண்டப்பட்டால் மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் மாறுகிறது, இதயத் துடிப்பு குறைகிறது, குருதியழுத்தம் தாழ்கிறது. பூனைகளில் கால் தசைகளின் அனிச்சைச் செயலும் ஒடுங்கியது. மூச்சு முட்டும் நேரத்தில் உடலை ஓயச் செய்து காக்கும் ஏற்பாடு இது என்று பெயிண்டல் கருதினார். மூச்சுத்திணறலைக் குருதியின் ஆக்சிஜன் குறைபாட்டால் மட்டும் விளக்கிவிட முடியாது, நுரையீரலே நேரடியாக எழுப்பும் உணர்வும் அதில் உண்டு என்ற கருத்துக்கு இதனால் வலு சேர்ந்தது.

எனினும், பூனையிடம் நரம்புத் துடிப்பைப் பதிவு செய்யலாமே தவிர, அது என்ன உணர்கிறது என்று கேட்க முடியாது. இந்த இடைவெளியைக் கடக்க, அவரும் அவரது குழுவினரும் லோபெலின் என்ற மருந்தைச் சிறு அளவில் மனிதர்களின் சிரையில் செலுத்தி ஆராய்ந்தனர். தொண்டையிலும் மேல் மார்பிலும் அடைப்பு, அழுத்தம், வறட்டு இருமல் ஆகியவை தோன்றின. மனிதர்கள் உணர்ந்ததையும், பூனையின் உணர்வேற்பிகள் அதே மருந்துக்குத் துடித்ததையும் ஒப்பிட்ட ஆய்வு 1995-இல் வெளியானது. அந்த ஆண்டில் அவருக்கு 70 வயது நிறைந்தது.

எல்லாக் கேள்விகளுக்கும் பூனையின் விடை மனிதனுக்குப் பொருந்திவிடவில்லை. 1998-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் லோபெலின் கொண்டு மனிதர்களைச் சோதித்தபோது, மூச்சுத் தொல்லை தோன்றியும் கை, கால் தசைகள் ஒடுங்கியதற்கான சான்று கிட்டவில்லை. விலங்கில் கண்டதை மனிதரிடம் சரிபார்த்தே ஏற்க வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவதன் மீதான கேள்வியும் அவர் காலத்திலேயே சட்டமாக உருவெடுத்தது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், உடலியங்கியல் அறிவை வளர்ப்பதற்கான சோதனைகளை அனுமதித்தது. அதே வேளையில், அவற்றைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும், மயக்கமருந்து அளித்து வேதனையைத் தவிர்க்கவும், வேறு வழி உள்ள இடங்களில் சோதனையை இயன்றவரை தவிர்க்கவும் வழிவகை செய்தது. ஓர் உயிரின் விலையில் பெறப்படும் அறிவு பிழையின்றிப் பதிவாக வேண்டும் என்ற கடமையை ஆய்வாளரால் தட்டிக்கழிக்க முடியாது.

பதிவில் நேர்மை என்பது பெயிண்டலின் பிற்கால வாழ்விலும் முதன்மை பெற்றது. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய அவர், 1964-இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் இயக்குநரானார். 1986 முதல் 1991 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். நிர்வாகப் பொறுப்புகளுக்கு இடையிலும் ஆய்வுக்கூடத்தை அவர் விட்டு விலகவில்லை.

லண்டன் ராயல் சொசைட்டி 1981-இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1986-இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில், அறிவியல் ஆய்வில் பொய்த் தரவுகளையும் கருத்துத் திருட்டையும் எதிர்க்கும் நோக்குடன் அறிவியல் விழுமியங்களுக்கான சங்கம் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நிறுவியவர் பெயிண்டல். சட்ட அதிகாரம் எதுவும் இல்லாத அந்த அமைப்பு, புகார்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிடுவதையே தன் வழியாகக் கொண்டது. ஆய்வு முறைகேடுகளை விசாரிக்கத் தனி அமைப்பு இல்லாதிருந்த நாட்டில் அது துணிவான தொடக்கம்.

2004 டிசம்பர் 21 அன்று டெல்லியில் அவர் காலமானார். 1955-இல் இட்ட பெயரை 1969-இல் சான்றின் முன் கைவிட்ட ஆய்வாளர், பிறரிடமும் அதே அளவுகோலைத்தான் எதிர்பார்த்தார். நுரையீரலில் நீர்கோத்து மூச்சுக்குத் தவிக்கும் நோயாளியைப் பற்றி மருத்துவ மாணவர்கள் படிக்கும்போது, அவர் பிரித்தெடுத்த மெல்லிய நரம்பிழைகளின் செய்தி இன்றும் அவர்களை வந்தடைகிறது.