52 இடங்களில் இரண்டு: துன் சம்பந்தன் ஏற்றுக்கொண்ட கணக்கு

துன் வீ.தி. சம்பந்தன் பேராக், சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16-ஆம் தேதி பிறந்தார். அவருக்கு 29 வயது நிறைந்த அதே நாளில், அதே வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்துத்தான் நாட்டில் அவசரகாலம் வந்தது.

தந்தை வீராசாமி 1896-இல் தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து, ரப்பர் தோட்டத்துக்கு முதலாளியானவர். மகன் கோலகங்சார் கிளிஃபோர்டு பள்ளியிலும் பின்னர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். வசதியான வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும் தோட்டத்து வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி எழும்பியதில் அவருடைய பங்கு பெரிது.

1955 மே மாதம் அவர் ம.இ.கா.வின் தலைவரானார். அப்போது கட்சி குழம்பிப்போய் இருந்தது. முன்பு டத்தோ ஓன் தொடங்கிய மலாயா சுதந்திரக் கட்சியை ஆதரித்துக் கைசுட்டுக்கொண்டு, 1954-இல்தான் அம்னோ, மசீச கூட்டணியில் சேர்ந்திருந்தது. சேர்ந்தது சரியா என்ற வாக்குவாதம் கட்சிக்குள் அடங்கவே இல்லை.

தேர்தலுக்கு இரண்டே மாதங்கள்தான் இருந்தன. மலாயா முழுவதும் நடக்கும் முதல் பொதுத் தேர்தல் அது. 98 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றத்தில் 52 பேரைத்தான் மக்கள் தேர்ந்தெடுக்க முடியும். மற்ற இடங்கள் நியமனத்துக்கு. பதிவான வாக்காளர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள், 11 பேர் சீனர்கள். இந்தியர்கள் ஐந்து பேர்கூட இல்லை. மக்கள்தொகையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த நம்மவர்களில் பலரிடம் குடியுரிமை இல்லாததால் ஓட்டும் இல்லை. வேர்வை சிந்திக் காட்டைத் தோட்டமாக்கியவர்கள், தேர்தல் நாளன்று வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் இடப் பங்கீடு நடந்தது. அம்னோவுக்கு 35, மசீசவுக்கு 15, ம.இ.கா.வுக்கு இரண்டு. குறைவு என்று குமுறியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்தியர் ஓட்டை மட்டும் நம்பி வெல்லக்கூடிய தொகுதி அன்று எங்கே இருந்தது? தனித்து நின்றால் அந்த இரண்டும் கிடைத்திருக்காது. சம்பந்தன் அந்தக் கணக்கைப் பார்த்து, இரண்டை ஏற்றுக்கொண்டார்.

1955 ஜூலை 27-ஆம் தேதி வாக்களிப்பு நடந்தது. 52-இல் 51 இடங்கள் கூட்டணிக்கு. கிரியான் தொகுதி மட்டும் பாஸ் கட்சிக்குப் போனது. டத்தோ ஓன்கூடத் தோற்றுப்போனார். வட கிந்தாவில் நின்ற சம்பந்தன் வென்றார். துங்கு அப்துல் ரஹ்மான் முதலமைச்சராகி அமைத்த கூட்டணி அரசில் தொழிலாளர் அமைச்சர் பொறுப்பு 36 வயது சம்பந்தனுக்குக் கிடைத்தது. அந்த அமைச்சரவையில் இந்தியர் அவர் ஒருவரே.

அடுத்து வந்தது அரசியலமைப்புப் பேச்சு. குடியுரிமைதான் நம் சமூகத்தின் உயிர்ப் பிரச்சினை. சுதந்திர நாள் முதல் இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை உண்டு என்று 1957-இல் முடிவானது. அதற்கு முன்பே பிறந்தவர்களும் வந்தவர்களும் விண்ணப்பம், தேர்வு, காத்திருப்பு என்று அலைய வேண்டியிருந்தது. அவர் இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்ற மனக்குறை பலருக்கு இருந்தது. 1959 தேர்தலில் 104 இடங்களில் ம.இ.கா.வுக்கு மூன்றுதான் கிடைத்தது.

அதற்குள் தோட்டங்களில் வேறொரு இடி இறங்கியிருந்தது. சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும், பிள்ளைகளின் பள்ளியும் போய்விடும். அமைச்சரவையில் இருந்துகொண்டே சம்பந்தன் இதற்குத் தொழிலாளர்களிடமே வழி தேடினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடச் சொல்லிக் கேட்டார். பால்மரம் வெட்டிய கூலியில் பத்து வெள்ளி எடுத்து வைப்பது அன்று லேசான காரியமல்ல. ஆனாலும் போட்டார்கள்.

1973-இல், கட்சிக்குள் எழுந்த போட்டிக்குப் பின், தலைவர் பதவியை விட்டு அவர் விலகினார். 1979 மே 18-ஆம் தேதி காலமானார். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் முக்கியச் சாலைக்கு இன்று அவர் பெயர். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து 1961-இல் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். அங்கே மரம் வெட்டியவர்களும் அதன் பங்குதாரர்கள் ஆனார்கள்.