டாக்டர் ரபியுத்தீன் அகமது

கம்பம் பள்ளத்தாக்கிலே பிறந்து வளர்ந்த நமக்குச் சிறு பிராயத்திற் கண்ட காட்சியொன்று இன்றும் நினைவை விட்டகலவில்லை. பல்வலியாற் கன்னம் வீங்கி அழும் குழந்தையைத் தாய் மடியிற் கிடத்திக்கொண்டிருப்பாள். கண்டங்கத்தரி விதையைத் தணலிலிட்டு, அப்புகையை வாயிலே பிடிப்பர்; பல்லிலுள்ள பூச்சி புகைக்கு அஞ்சி வெளிப்படும் என்பது அவர்தம் நம்பிக்கை. அதனாலும் வலி தீராவிடின், பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடும் எனப் பெரியோர் தேறுதல் உரைப்பர். அக்குழந்தையின் துன்பத்தைத் தக்கதொரு வைத்தியமாக நம் நாட்டிற் கற்பிக்க வழிவகுத்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

ரபியுத்தீன் அகமது 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கிழக்கு வங்காளத்திற் பிறந்தார். அதே ஆண்டில், பெர்லின் நகரில் ஆராய்ச்சி நடத்திய மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர், வாயிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். பல்லைக் கெடுப்பது புழுவன்று. உண்ட மாவும் சர்க்கரையும் பல்லிடுக்கிலே தங்க, நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச்செய்து அமிலமாக்குகின்றன. அவ்வமிலமே பல்லின் மேற்பூச்சைக் கரைக்கின்றது என்று அவர் விளக்கினார். பழைய கொள்கை வேரற்ற ஆண்டும், நம் நாட்டுத் தந்த வைத்தியத்தின் தந்தை பிறந்த ஆண்டும் ஒன்றாக அமைந்தது வியப்பன்றோ?

அலிகாரிலே கல்வி பயின்ற அகமது, 1909-இல் அமெரிக்கா சென்று, அயோவா சர்வகலாசாலையிற் சேர்ந்து, 1915-இல் தந்த வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரிலுள்ள ஃபோர்சித் குழந்தைகள் தந்த வைத்தியசாலையில் 1918 வரை பணியாற்றினார். ஏழைக் குழந்தைகளின் பற்களைப் பேணுவதற்கென்றே ஃபோர்சித் சகோதரர் பெரும்பொருள் ஈந்து எழுப்பிய அந்நிலையம், 1914-இல்தான் திறக்கப்பட்டிருந்தது.

விழப்போகும் பாற்பல்லுக்கு மருத்துவம் எதற்கென்று நம்மிற் சிலர் வினவக்கூடும். பாற்பல் வெறும் பல்லன்று. பின்வரும் பல்லுக்கு இடங்காக்கும் காவலாளியுமாம். ஏறக்குறைய ஆறு வயதிலே, பாற்கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் நிலையான முதற் கடைவாய்ப்பல் தோன்றுகின்றது. முன்னிருக்கும் பாற்பல் சொத்தையாகிக் காலத்துக்கு முன்னரே வீழ்ந்துபடின், இப்புதுப்பல் முன்னோக்கிச் சாய்ந்து அவ்விடத்தைக் கவர்ந்துகொள்ளும். பின்னர் முளைக்க வேண்டிய பல் இடமின்றிக் கோணலாக வெளிப்படும். அல்லது எலும்புக்குள்ளேயே சிக்குண்டு கிடக்கும்.

கோணிய பல்லை நேராக்குவது எளிதன்று. நம் ஊர்த் திராட்சைப் பந்தலை நோக்குவோம். கற்கால்களை நட்டுக் கம்பியை முறுக்கி இழுக்குங்கால், ஓரத்துக் கால் உட்புறமாகச் சாயும். ஆதலின் வெளிப்புறத்தே நிலத்திற் கல்லைப் புதைத்து, அதனோடு அக்காலை இழுத்துக் கட்டுவர். பல்லின் கதியும் அஃதே. ஒரு பல்லைக் கம்பியால் இழுத்தால், எந்தப் பல்லைப் பிடிமானமாகக் கொண்டோமோ அதுவும் எதிர்ப்புறம் நகரும். விசைக்கு எதிர்விசை உண்டென்னும் நியூட்டன் விதி வாய்க்குள்ளும் பொய்ப்பதில்லை. ஆகையால் வைத்தியர் பல பற்களை ஒன்றாகப் பிணைத்து நங்கூரமாகக் கொள்வர். இக்காலத்தில் தாடையெலும்பிலேயே சிறு திருகாணியைப் பதிப்பதும் உண்டு. பல்லைச் சீர்ப்படுத்தும் இக்கலையைத் தனித்துறையாக்கிய எட்வர்டு ஆங்கிள், 1900-இல் செயின்ட் லூயி நகரில் அதற்கெனப் பள்ளி நிறுவினார். இவ்வாறு அக்கலை விரைந்து வளர்ந்த காலத்திலேதான் அகமது அந்நாட்டிற் பயின்றார்.

1919-இல் அவர் தாய்நாடு திரும்பினார். அங்கேயே தங்கியிருப்பின் செல்வம் குறைவின்றிக் கிடைத்திருக்கும். இந்தியாவிலோ தந்த வைத்தியம் கற்பிக்கும் கல்லூரி ஒன்றேனும் இல்லை. அவர் பிறர் கையை எதிர்பாராது, 1920-இல் கல்கத்தாவில் முதற் கல்லூரியை நிறுவினார். அதற்குப் பொருள் தேட அவர் கண்ட வழி விந்தையானது: நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்னும் பெயரால் குளிர்பானக் கடையொன்றைத் தொடங்கி, அதன் வருவாயைக் கல்லூரிக்குச் செலவிட்டார். இனிப்பே பற்களுக்குப் பகையென அறிந்தவர், அதனை விற்ற பணத்தாலேயே பல்லைக் காக்கும் கல்வியை வளர்த்தார் என்பதை நினைக்க நகையும் வருகின்றது, வணக்கமும் பிறக்கின்றது. ஓரத்துக் காலுக்குப் புதைகல் போல, அவருடைய கல்லூரிக்கு அக்கடை பிடிமானமாயிற்று.

தொடக்கத்தில் மாணாக்கர் மிகச் சிலரே வந்தனர். பல் பிடுங்குவது கல்வியாகுமோ என்று உலகம் எண்ணிய காலம் அது. ஆயினும் அவர் தளரவில்லை. பெண்களுக்கும் வாயிலைத் திறந்துவைத்தார். அங்குப் பயின்ற பாத்திமா ஜின்னா அம்மையார் 1923-இல் பம்பாயிலே தந்த வைத்தியசாலை நடத்தலானார். 1925-இல் அகமது வங்காளத் தந்த வைத்தியர் சங்கத்தைக் கண்டார். இந்தியத் தந்த வைத்தியப் பத்திரிகையையும் தோற்றுவித்தார். 1928-இல் மாணவர்க்கெனக் கைந்நூலொன்று வெளியிட்டார். பயிற்சியற்றோர் கையில் ஜனங்கள் துன்புறாதபடி, 1939-இல் வங்காளத்தில் தந்த வைத்தியர் சட்டம் நிறைவேறவும் உழைத்தார். 1948-இல் இந்தியா முழுமைக்கும் அத்தகைய சட்டம் பிறந்தது.

1949-இல் அவர் செய்த செயலே அவர் பெருமைக்கு முடியாக விளங்குகின்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தம் பொருளையும் உழைப்பையும் இட்டு வளர்த்த கல்லூரியை, மேற்கு வங்க அரசாங்கத்தாரிடம் நன்கொடையாக ஒப்புவித்தார். 1950 முதல் 1962 வரை அம்மாகாணத்தின் அமைச்சராயிருந்து, விவசாயம், கூட்டுறவு முதலிய இலாகாக்களை நடத்தினார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1965 பிப்ரவரி 9-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் கண்ட கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவர் பிறந்த நாளை நம் நாட்டுத் தந்த வைத்தியர்கள் தங்கள் திருநாளாகக் கொண்டாடுகின்றனர்.

அவர் ஏற்றிய விளக்கிலிருந்து வேறு பல விளக்குகள் ஏற்றப்பட்டன. 1953-இல் சென்னையிலும் அரசாங்கத் தந்த வைத்தியக் கல்வி தொடங்கலாயிற்று. ஆயினும் கல்லூரிகள் பெருகியதனால் மட்டும் குழந்தையின் வலி தீர்ந்துவிடாது. இன்றும் நம் ஊர்களில் சொத்தைப் பல்லோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உளர். பால்பல்தானே என்னும் சொல்லும் வழக்கொழியவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர், தம் வீட்டிலும் அயலிலும் உள்ள தாய்மாருக்கு மூன்று செய்திகளைச் சொல்வாராக: இனிப்பைக் கண்டவேளையெல்லாம் கொடுத்தல் ஆகாது, இரவிற் பல் துலக்காது குழந்தையை உறங்கவிடல் ஆகாது, பாற்பல்லிற் கரும்புள்ளி கண்டவுடன் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். இதற்குப் பட்டமும் வேண்டா, பொருளும் வேண்டா. ஒரு சோடாக் கடையின் வருவாயைக்கொண்டு ஒரு தேசத்துக்கு ஒரு கலையைத் தந்தவரின் சரித்திரத்தைப் படித்த நாம், இச்சிறு தொண்டையேனும் செய்யாது ஒழியலாமா?