இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கரா



எங்கட மலர்களிலே நாவலர், விபுலானந்த அடிகள், பாரதியார் எண்டு பெரியவர்களைப் பற்றி நிறைய வந்திருக்கு. இந்த முறை ஒரு சிங்களப் பெரியவரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் எண்டு சிலர் கேட்கக்கூடும். பதில் லேசு. இதை வாசிக்கிற எங்களிலே பலபேர் ஊரிலே பள்ளிக்கூடச் சம்பளம் எண்டு ஒன்றைக் கட்டாமலே க.பொ.த. உயர்தரம் வரைக்கும் படிச்சு முடிச்சனாங்கள். தகப்பன் மீன்பிடிக்கப் போனாலும் சரி, கடையிலே நின்றாலும் சரி, பிள்ளை வகுப்பிலே இருக்கலாம். அந்த வாசலைத் திறந்தவர் ஆர் எண்டு எங்கட பிள்ளைகளுக்குச் சொல்ல வேணும். அவர்தான் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா.

1884ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி, தென்னிலங்கையில் அம்பலாங்கொடைக்குப் பக்கத்திலுள்ள ரந்தொம்பை என்ற ஊரில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். அம்பலாங்கொடையில் இருந்த மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்தார். ஒரு பரிசளிப்பு விழாவுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார் வந்திருக்கிறார். ஒரே பையன் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து பரிசு வாங்குவதைக் கண்டு, இவனுடைய புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிதான் பிடிக்க வேணும் என்று அவர் பகிடியாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தப் பையனுக்கு றிச்மண்டிலே படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேணும். அந்தக் காலத்திலே இலங்கையில் இரண்டு விதமான பள்ளிக்கூடங்கள் இருந்தன. சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கிற பள்ளிக்கூடங்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் அதைப் படிச்சு முடிச்சவனுக்குப் பெரிய வேலையும் இல்லை. கந்தோர் வேலை, வைத்தியம், சட்டம், பல்கலைக்கழகம் எல்லாத்துக்கும் ஆங்கிலப் பள்ளிக்கூடம்தான் வழி. அங்கே மாதாமாதம் காசு கட்ட வேணும். ஆகவே ஏழைப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு படிக்கு மேலே ஏற முடியாது. கன்னங்கரா ஏறினது ஒரு பாதிரியாரின் கண்ணிலே பட்டதால். கண்ணிலே படாத ஆயிரம் பிள்ளைகளின் நிலைமை என்ன? பிறகு அவர் செய்த வேலை எல்லாம் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் எண்டுதான் எனக்குப் படுகிறது.

றிச்மண்டிலே கணிதத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தார். 1903 இல் கல்லூரிக் கிரிக்கெட் அணிக்குத் தலைவராகவும் இருந்தார். படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியிலே கணித ஆசிரியரானார். மொறட்டுவையிலும் கொழும்பிலும் கூடப் படிப்பித்திருக்கிறார். அதோடு சட்டமும் படித்து 1910 இல் பிரக்கிராசியாகி, காலியிலே தொழில் செய்தார்.

எங்கட ஆக்களுக்குத் தெரியவேண்டிய இன்னொரு விசயம். 1911 இல் படித்த இலங்கையருக்கான ஒரேயொரு சட்டசபை ஆசனத்துக்குச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் போட்டியிட்ட போது, அவருடைய வெற்றிக்காக வேலை செய்தவர்களில் இவரும் ஒருவர். அந்தக் காலத்திலே தென்னிலங்கையில் ஒரு சிங்களவர் தமிழருக்காக வாக்குக் கேட்பது புதினமான காரியம் இல்லை. பின்னாலே வந்த ஆண்டுகளை நினைத்தால்தான் அது புதினமாகத் தெரிகிறது.

1931 இல் டொனமூர் அரசியல் அமைப்பின்படி அரசாங்க சபை வந்தது. வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமையும் வந்தது. கன்னங்கரா முதலாவது கல்வி அமைச்சரானார். 1947 வரைக்கும் 16 வருசம் அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது.

கல்வியைப் பற்றி முழுக்க ஆராய ஒரு விசேட குழு 1940 இல் அமைக்கப்பட்டது. அதற்கு அவரே தலைவர். குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரைக்கும் கல்வி இலவசம், ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழியில் படிப்பு என்பவை அதிலே முக்கியமானவை. அப்போது இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கி ஒரு வருசந்தான். வெள்ளைக்காரன் ஆட்சி, உலக யுத்தம், அரிசிக்குப் பங்கீடு. அப்படி ஒரு நேரத்திலே இந்த யோசனையைக் கொண்டுவந்தார்.

எதிர்ப்பு சும்மா வரவில்லை. சம்பளம் வாங்கி நடந்த பெரிய பள்ளிக்கூடங்களும் சமய நிறுவனங்களும் தங்கள் சுதந்திரம் போய்விடும் என்று பயந்தன. இவ்வளவு காசுக்கு நாடு எங்கே போகும் என்று சிலர் கேட்டார்கள். எல்லாரும் படிச்சால் கூலி வேலைக்கு ஆள் கிடையாது எண்ட பயமும் வசதியான ஆக்களிட்டை இருந்தது. அரசாங்க சபையிலே நீண்ட வாதம் நடந்தது. கன்னங்கரா விட்டுக்கொடுக்கவில்லை. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. உதவி பெறும் பள்ளிக்கூடம் சம்பளம் வாங்குவதை நிறுத்தினால், ஆசிரியர்களின் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். இதுதான் ஏற்பாடு.

சம்பளத்தை நிறுத்தினால் மட்டும் போதாது எண்டதையும் அவர் விளங்கியிருந்தார். நல்ல பள்ளிக்கூடம் பட்டினத்திலே இருந்தால் கிராமத்துப் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்? அதனாலேதான் நாடு முழுக்க மத்திய கல்லூரிகளைக் கட்டினார். அவருடைய காலத்திலே 54 மத்திய கல்லூரிகள் உண்டாகின. ஆய்வுகூடம், விடுதி எல்லாம் இருந்தன. ஐந்தாம் வகுப்பிலே பரீட்சை வைத்து, சித்தியடைந்த ஏழைப் பிள்ளைகளைச் சாப்பாடும் கொடுத்து அங்கே படிப்பித்தார்கள். எங்கட பக்கத்திலே வேலணை, வந்தாறுமூலை எல்லாம் அப்படி வந்தவைதான். வந்தாறுமூலைப் பள்ளிக்கூட வளாகத்திலேதான் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. இன்றைக்கு அது கிழக்குப் பல்கலைக்கழகம். நாங்கள் வயிறு கலங்க எழுதின ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் வேரும் இதிலேதான் இருக்கு.

இவ்வளவு செய்த மனிசனை 1947 தேர்தலிலே மத்துகமை மக்கள் தோற்கடித்தார்கள். பிறகு கொஞ்சக் காலம் இந்தோனேசியாவிலே இலங்கையின் பிரதிநிதியாக இருந்தார். 1952 முதல் 1956 வரை உள்ளூராட்சி அமைச்சராகவும் இருந்தார். ஆனால் கல்வி அமைச்சு மறுபடி அவர் கைக்கு வரவில்லை. கடைசிக் காலத்திலே வருத்தமும் பணக் கஷ்டமும். அரசாங்கம் கொடுத்த உதவிப் பணத்திலேதான் மருந்துச் செலவும் சீவியமும். நாட்டுக்கே இலவசமாகப் படிப்பைக் கொடுத்தவர் தனக்கெண்டு ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. 1969 செப்டெம்பர் 23ஆம் திகதி, 84 வயதிலே காலமானார்.

இனிக் கசப்பான பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். அதை மறைச்சு எழுதினால் அது வாழ்த்துப் பாவாக இருக்குமே தவிர வரலாறாக இராது.

மலையகத் தோட்டப் பள்ளிக்கூடங்கள் இந்தத் திட்டத்துக்கு வெளியிலேயே நின்றன. லயத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்துரை நடத்தின சின்னப் பள்ளிக்கூடம்தான். 1948 இல் பிரசாவுரிமையும் பறிபோனது. 1970களிலேதான் அந்தப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. ஒரு தலைமுறைக்கு மேலே பிந்திப் போச்சு. அடுத்தது தரப்படுத்தல். 1971 இல் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்குத் தமிழ்மொழியிலே எழுதின பிள்ளைக்குக் கூடின புள்ளி கேட்டார்கள். 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. அப்போது கன்னங்கரா உயிரோடு இல்லை. அவர் திறந்த வாசலிலே மற்றவர்கள் படலை போட்டார்கள். அந்தப் படலை எங்கட சரித்திரத்தை எங்கே கொண்டுபோய் விட்டது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதிலே இருந்து நான் விளங்கிக்கொண்டது ஒன்று. படிப்பு இலவசம் எண்டு சட்டம் போட்டால் மட்டும் காணாது. அந்தச் சட்டத்துக்குள்ளே ஆர் வருகினம், ஆர் வெளியிலே நிக்கினம் எண்டும் பார்க்க வேணும்.

நாங்கள் வந்து சேர்ந்த நாட்டிலும் இதே கதைதான். அவுஸ்திரேலியாவிலே விட்லம் அரசாங்கம் 1974 இல் பல்கலைக்கழகக் கட்டணத்தை நிறுத்தியது. இலங்கையை விட 29 வருசம் பிந்தி. அதுவும் 15 வருசந்தான் நிலைச்சது. 1989 இல் ஹெக்ஸ் வந்தது. முதலிலே படி, உழைக்கத் தொடங்கின பிறகு கட்டு எண்ட முறை. குடியுரிமை உள்ள ஏழைப் பிள்ளைக்கு அதுவும் ஒரு வழிதான். ஆனால் பிரிட்ஜிங் விசாவிலே இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கடன் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கிலே இருந்து படிக்கும். பல்கலைக்கழக வாசலிலே வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணம் கேட்பார்கள். பக்டரியிலே இரவு வேலையும் வார இறுதி வேலையும் செய்கிற தாய் தகப்பனாலே அதைக் கட்ட ஏலாது. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரருக்கு நிரந்தர விசாவுக்கு வழி வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட குடும்பங்கள் பல இன்னமும் அந்தரத்திலேதான்.

குவேக்கர்ஸ் ஹில்லிலே எங்கட வீடுகளுக்குப் பக்கத்திலேயே நிரிம்பாக் கல்வி வளாகம் இருக்கு. 1994 வரைக்கும் அது கடற்படைத் தளம். தொழில் பழகும் பையன்களைக் கடற்படை அங்கே பயிற்றுவித்தது. பிறகு அதே நிலத்திலே டேஃபும் வைண்டம் கல்லூரியும் மற்றப் படிப்பு நிலையங்களும் வந்தன. வளாகம் கிட்ட இருந்தால் காணாது, உள்ளே போக வழி தெரிய வேணும். சில பல்கலைக்கழகங்கள் புகலிடம் கோரியவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கின்றன. டேஃபிலும் அகதிகளுக்குக் கட்டண விலக்கு உள்ள படிப்புகள் உண்டு. பிள்ளை பத்தாம், பதினோராம் வகுப்பிலே இருக்கிறபோதே பள்ளிக்கூட ஆலோசகரிட்டைப் போய்க் கேளுங்கோ. கடைசி நேரத்திலே கேட்டால் விண்ணப்ப முடிவுத் திகதி போய்விடும். இங்கிலீசு வராது எண்டு கூச்சப்பட வேண்டாம். எங்கட சங்கத்திலே படிச்ச இளம் பிள்ளைகள் இருக்கினம். அவர்களிலே ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. விசயம் தெரிஞ்சவர்கள் தெரியாத வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கோ. ஒரு டரல் பாதிரியார் ஒரு பிள்ளையைக் கண்டார். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு நாட்டுப் பிள்ளைகளையே கண்டது. எங்களிலே ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கண்டால் போதும்.