குடிகளோடு நகரமைத்த பெருந்தகை

நகரைத் திருத்துதல் என்றவுடன், குடிசைகளை இடித்துத் தள்ளி நெடுஞ்சாலை அமைப்பதே நம் நினைவிற்கு வருகிறது. இடிபட்ட வீட்டில் இருந்தோர் எங்கே போவர் என்று எண்ணுவார் சிலரே. அச்சிலருள் தலையாயவர் பாட்ரிக் கெடிஸ்.

ஸ்காட்லாந்தில் 1854-ஆம் ஆண்டு பிறந்த இவர் கட்டடக் கலைஞர் அல்லர், உயிரியல் கற்றவர். 1886-இல் அன்னா மார்ட்டன் என்னும் நங்கையை மணந்தபின், வசதியான இல்லம் தேடாமல், எடின்பரோவில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பழைய குடியிருப்பொன்றில் குடிபுகுந்தார். அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு முற்றங்களைத் துப்புரவாக்கினார். சுவர்களுக்கு வண்ணம் பூசினார். சன்னல்களில் பூஞ்செடி வைத்தார்.

1914-இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பையேற்று இந்தியா வந்தார். இவர்தம் நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. மனந்தளராது வேறு பொருள்கள் திரட்டி, 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார்.

தஞ்சையிலும் மதுரையிலும் சந்து சந்தாக நடந்து ஆராய்ந்தார். நோயறியாமல் மருந்து கொடுத்தல் தகாது என்பது அவர் கொள்கை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றிக் காற்றும் வெளிச்சமும் வரச் செய்தால் போதும். கோயிலும் குளமும் மரமும் நிலைக்க வேண்டும். குடியிருப்போரும் அவ்விடத்திலேயே வாழவேண்டும் என்றார். இம்முறையில் செலவும் குறைவு, கண்ணீரும் குறைவு.

1917-இல் மூத்த மகனைப் போர்க்களத்திலும், மனைவியை இந்திய மண்ணிலும் பறிகொடுத்தார். அத்துயரிடையேதான் இந்தூர்ப் பணி. அந்நகரைப் பிளேக் வாட்டிக்கொண்டிருந்தது. தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் செல்லாது. எத்தெருவார் தம் வீடுகளை மிகத் தூய்மையாக வைத்துள்ளனரோ அத்தெரு வழியே செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். ஊரே துடைப்பம் எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர் வெள்ளுடையும் மாலையும் அணிந்து பெருமிதத்துடன் நடந்தனர். அழுக்கரக்கனின் உருவமும் பிளேக் எலியின் உருவமும் எரியூட்டப்பட்டன.

பின்னர்ப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கி, 1932-இல் பிரான்சு நாட்டில் மறைந்தார். அவர் அறிக்கைகளிற் பல ஏட்டளவிலேயே நின்றுவிட்டன. ஆயினும், வீட்டையும் தெருவையும் பற்றி முடிவு செய்கையில் அங்கு வாழ்வோரையும் கேட்கவேண்டும் என்னும் அறம் அழியவில்லை.

ஊர்விட்டு வந்து காலனியில் கூடி வாழும் நாம் இதனை மறத்தலாகாது. வரும் தீபாவளியில் நம் தெருவைத் தூய்மையாக்குவோருக்கே முதல் மாலை சூட்டுவோமாக!