குமாரமங்கலம் தந்த தாராண்மையாளர்

தாராளம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் இன்றைய மாணவர்க்கு நினைவில் எழுவது 1991ஆம் ஆண்டிற்குப் பின் வந்த பொருளாதாரத் தாராளமயமாக்கலே ஆகும். அரசியல் நூலார் கூறும் தாராண்மை அதனினும் பழையது, அகன்றது. தனிமனிதனின் உரிமையை அரசு மதிக்க வேண்டும், சாதி மதிக்க வேண்டும், குடும்பமும் மதிக்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. வள்ளுவர் வகுத்த ஒப்புரவையும் கண்ணோட்டத்தையும் இதனோடு ஒப்பிட்டு உரைப்பார் உண்டு. அவை கொடுப்பவனின் கடமையைப் பேசுவன. தாராண்மையோ பெறுபவனின் உரிமையைப் பேசுவது. இவ்வேறுபாட்டை ஏட்டளவில் விளக்குவதினும் ஒருவர் வாழ்வில் வைத்துக் காட்டுதல் எளிது. அத்தகைய ஒருவர் நம் மண்ணிலேயே, திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தில், ஜமீன்தாராக விளங்கினார். அவரே டாக்டர் ப. சுப்பராயன்.

1889ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பிறந்த இவர், சென்னையில் மாநிலக் கல்லூரியிலும் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் ஆக்ஸ்போர்டின் வாதாம் கல்லூரியில் சட்டம் கற்றார். கிணற்றுப் பாசனத்தையும் வானத்தையும் நம்பி நிலக்கடலையும் பருத்தியும் விளைத்த அந்நாளைய சேலம் மாவட்டத்துப் பண்ணைக் குடும்பம் ஒன்றின் பிள்ளைக்கு இஃது எளிதிற் கிட்டும் வாய்ப்பன்று. செல்வமே அதனைத் தந்தது. அச்செல்வம் தந்த கல்வியை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே நம் வினா.

முதல் விடை அவர்தம் இல்லத்திலேயே கிடைக்கிறது. கொங்கு வேளாளர் குலத்தவரான சுப்பராயன், 1912இல் மங்களூரைச் சேர்ந்த சாரஸ்வத பிராமணக் குலத்து ராதாபாயை மணந்தார். ராதாபாயின் தந்தை குத்மல் ரங்கராவ், ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காக மங்களூரில் பள்ளிகள் நிறுவி, சொந்தச் சாதியாரின் விலக்கத்தையும் தாங்கிக்கொண்டவர். சாதி மறுப்பு மணம் இன்றும் கொங்கு நாட்டில் எத்தகைய புயலை எழுப்புகிறது என்பதை அறிந்தோர், 1912இல் அது எத்துணைத் துணிவு என்பதை எண்ணிப் பார்க்கலாம். ராதாபாயும் வீட்டிற்குள் அடங்கிவிடவில்லை. 1930இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்ற இந்தியப் பெண்மணியர் இருவரே. ஒருவர் பேகம் ஜஹானாரா ஷாநவாஸ். மற்றவர் ராதாபாய் சுப்பராயன். 1938இல் மத்திய சட்டமன்றத்தின் மேலவையான அரசுப் பேரவைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1920இல் நிலக்கிழார்களின் பிரதிநிதியாகச் சென்னைச் சட்டமன்றம் புகுந்த சுப்பராயன், 1926 டிசம்பரில் முதலமைச்சரானார். சுயராஜ்யக் கட்சி மிகுதியான இடங்களை வென்றும் பதவியேற்க மறுத்தது, நீதிக்கட்சியோ தோற்றிருந்தது. இவ்விரண்டிலும் சேராத சுயேச்சையாளர் என்ற முறையிலேயே ஆளுநர் கோஷன் இவரை அழைத்தார். அடுத்துச் சைமன் குழு வந்தது. இந்தியர் ஒருவரும் இடம்பெறாத அக்குழுவை நாடே புறக்கணித்தபோது, உடனிருந்த அமைச்சர்களாகிய ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் 1928இல் பதவி துறந்தனர். சுப்பராயன் துறக்கவில்லை. நீதிக்கட்சியின் ஆதரவைப் பெற்று, முத்தையா முதலியாரையும் சேதுரத்தினம் ஐயரையும் புதிய அமைச்சர்களாகக் கொண்டு ஆட்சியைத் தொடர்ந்தார். நாட்டின் மானத்தினும் நாற்காலியைப் பெரிதாக மதித்தார் என்று அந்நாளில் அவரைத் தூற்றியோர் பலர். அக்குற்றச்சாட்டை முற்றும் பொய்யெனத் தள்ளிவிட இயலாது.

எனினும் அந்த நாற்காலியிலிருந்து விளைந்தவை எவை என்று காண்பதும் முறை. 1928இல் முத்தையா முதலியார் நடைமுறைப்படுத்திய வகுப்புவாரி ஆணை இவ்வமைச்சரவையின் காலத்ததே. அரசுப் பணியில் நிரப்பப்பெறும் 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்க்கு 2, ஒடுக்கப்பட்டோர்க்கு 1 என அது வகுத்தது. நம் பாட்டனார் தலைமுறையில் ஊருக்கு ஒருவராவது அரசு எழுத்தராகவோ ஆசிரியராகவோ அமர்ந்தாரெனில், அதற்கு இவ்விரண்டு இடங்கள் திறந்துவிட்ட கதவும் ஒரு காரணம். சமூகத்திற் பெரியோர் இதனை நன்கறிவர். மாணவர்தாம் அறிதல் வேண்டும். தாராண்மை என்பது தனிமனிதத் தகுதியை மட்டும் நோக்க வேண்டுமன்றி வகுப்பை நோக்கலாகாது என வாதிடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். தொடக்கக் கோடே வெவ்வேறாக இருக்கையில் ஓட்டத்தை மட்டும் பொதுவென்பது எங்ஙனம் நீதியாகும்? விடுதலைக்குப் பின் இவ்வகுப்புவாரி முறை உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்திற்குக் காரணமானதும் தனி வரலாறு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் துணைத்தலைவராக வீற்றிருந்து, தேவதாசி முறைக்கு எதிரான தம் முதற் சட்டத்தை 1929இல் நிறைவேற்றியதும் இவ்வாட்சியிலேதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அவ்வாண்டே.

பதவி 1930இல் போயிற்று, பணி போகவில்லை. 1932இல் தீண்டப்படாதோர் எனப்பட்டோர்க்குக் கோயிலைத் திறந்துவிட வழிசெய்யும் மசோதாவை அவர் முன்வைத்தார். மாகாண அளவில் முடிக்கத்தக்க பொருளன்று எனக் கூறி, 1933 சனவரியில் அரசப் பிரதிநிதி அதற்கு அனுமதி மறுத்துவிட்டார். ஆறாண்டுகள் கழித்து, 1939இல், மதுரை மீனாட்சியம்மன் கோயில் திறந்தபோது அதற்குச் சட்டக் காப்பளித்த இராசாசி அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர் அதே சுப்பராயன்.

அதே அமைச்சரவையில் கல்வியும் அவர் பொறுப்பே. இங்கேதான் அவர் வாழ்வின் பெரிய சறுக்கல் நேர்ந்தது. 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. சட்டமன்றத்தில் முஸ்லிம் லீகைச் சார்ந்த கலிபுல்லா சாகிப் உள்ளிட்டோர் எதிர்த்தனர்; தெருவிலே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர்; தாளமுத்துவும் நடராசனும் சிறைப்பட்டு உயிர் நீத்தனர். விரும்பாத மொழியைக் குழந்தையின் நாவில் ஏற்றுவது தாராண்மைக்கு நேர்மாறு. திட்டம் இராசாசியுடையது என்பதனால் கல்வியமைச்சரின் பொறுப்பு குறைந்துவிடாது. 1940இல் ஆளுநர் ஆணையைத் திரும்பப் பெற்றார்.

ஆயின் மனிதர் கற்றார். 1955இல் பி. ஜி. கேர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழி ஆணையம், அடுத்த ஆண்டு தன் அறிக்கையை அளித்தபோது, இந்தியை விரைந்து புகுத்தும் போக்கை ஏற்காது மறுப்புக் குறிப்பு எழுதியவர் இருவர். வங்காளத்து மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி ஒருவர்; மற்றவர் சுப்பராயன். பிழையை உணர்ந்தோர் பலர் இருக்கலாம். மாறிய கருத்தை, ஆளுங்கட்சியில் இருந்துகொண்டே, அரசு ஆவணத்தில் கையொப்பமிட்டுப் பதிந்தோர் சிலரே.

விடுதலையை ஒட்டி ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையில் உள்துறையை ஏற்ற அவர், 1947இல் குற்றப்பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்தில் நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். பிறப்பினாலேயே குற்றவாளி எனக் குறிக்கப்பட்டுக் கைரேகை வைத்துவந்த மக்கள் நிமிர்ந்தனர். அவ்வாட்சியே விசாரணையின்றிக் காவலில் வைக்கும் பொது ஒழுங்குச் சட்டத்தையும் கையாண்டது. அது பாய்ந்தது பொதுவுடைமையர் மீது. அமைச்சரின் மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் அக்கட்சியினர்! ஒரே ஆட்சியில் ஒரு கை அவிழ்த்தது, மறு கை கட்டியது.

அவ்வில்லமே ஒரு சிறு சட்டமன்றம் எனலாம். மூத்த மகன் பரமசிவ பிரபாகர் 1966இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். மோகன் தந்தையின் கட்சியை எதிர்த்துச் சிறை புகுந்தார். தந்தை மறைந்து ஆண்டுகள் சில கழிந்தபின் அக்கட்சியிலேயே சேர்ந்து மத்திய அமைச்சருமானார். சுப்பராயன் 1957இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றபோது, பார்வதி கோவையிலிருந்து பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினராக வந்தார். 1959இல் தந்தை போக்குவரத்து, செய்தித்தொடர்புத் துறை அமைச்சர், மகள் எதிர்வரிசையில். சாதியை மீறி மணந்தவர், பிள்ளைகள் தம்மை மீறியபோது அவர்களை வீட்டைவிட்டு விலக்கினாரில்லை.

1962 ஏப்ரலில் மகாராட்டிர ஆளுநராகப் பொறுப்பேற்ற அவர், அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே சென்னையில் காலமானார்.